சிம்சன் மூணு சிலிண்டர் இன்ஜினில் டைமிங் கியர் வைப்பது எப்படி: பிரிப்பதில் இருந்து ஸ்டார்ட் பண்ணுவது வரை

எங்கள் வீட்டு மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டருக்கு ஒரு முறை முழு இன்ஜின் வேலை பார்த்தோம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. வேலை முடிந்து வந்த மறுநாளே காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை, கலப்பையை மண்ணில் இறக்கினால் முக்கிக்கொண்டு நிற்கும், அரை மணி நேரத்தில் தண்ணீர் கொதிக்கும். பட்டறையில் டீசல் பம்ப் கோளாறு என்றார்கள். பம்பைக் கழற்றி இரண்டு முறை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தாயிற்று, இரண்டு முறையும் பம்ப் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். அது உண்மையும்தான். கடைசியில் முன் கவரைத் திறந்து பார்த்தபோது பம்ப் கியர், ஐட்லர் என்கிற நடுக் கியரில் ஒரே ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒரு பல்! அதற்காக ஒரு உழவுப் பட்டமே போனது.

அன்றிலிருந்து டைமிங் கியர் வேலையை நானே கிட்ட உட்கார்ந்துதான் செய்கிறேன். பழைய டிராக்டரை மீண்டும் ஓட வைக்க நினைக்கிற யாராக இருந்தாலும் இந்த ஒரு வேலையை முழுக்கப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமையும் கொஞ்சம் கணக்கும் போதும்.

எந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம்

மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டருக்கு முதலில் வேறு ஒரு நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. குளிரில் ஸ்டார்ட் ஆவதில் அதற்குத் தீராத தொல்லை. 1959 கடைசியில் அதை எடுத்துவிட்டு பெர்கின்ஸின் மூணு சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். அதுதான் 3.152. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 3 சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் 2.5 லிட்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 91.44 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மி.மீ. நம் ஊரில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனி இந்த டிராக்டர் வம்சத்தைக் கொண்டுவந்தது, இன்ஜினை சென்னை சிம்சன் கம்பெனி செய்தது. அதனால்தான் நம் பட்டறைகளில் யாரும் பெர்கின்ஸ் என்று சொல்வதில்லை, சிம்சன் இன்ஜின் என்றால்தான் தெரியும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த வகை இன்ஜினுக்கு, அதோடு டிபிஏ வகை ரோட்டரி டீசல் பம்ப் இருக்கிற வண்டிக்கு. வேறு பழைய டிராக்டருக்கும் தத்துவம் ஒன்றுதான், ஆனால் கியரில் அடையாளப் புள்ளி இருக்கும் இடமும் அளவும் மாறும். உங்கள் மாடலுக்கான பட்டறைப் புத்தகம் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கியர்கள் என்ன செய்கின்றன

முன் கவரைத் திறந்தால் நாலு கியர் தெரியும். கீழே கிராங்க் கியர், சின்னது, பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டின் முனையில் இருப்பது. நடுவில் ஐட்லர். ஐட்லரைத் தொட்டுக்கொண்டு ஒரு பக்கம் கேம் கியர் (கேம்தான் வால்வுகளைத் திறந்து மூடுவது), இன்னொரு பக்கம் பம்ப் கியர் (டீசல் பம்பைச் சுற்றுவது). முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றும், ஐட்லர் எதிர்த் திசையில், கேமும் பம்பும் மறுபடி கிராங்கின் திசையிலேயே.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, பம்பும் ஒரு சுற்று. அதனால் கேம் கியரிலும் பம்ப் கியரிலும் கிராங்க் கியரைப் போல இரண்டு மடங்கு பல் இருக்கும். நடுவில் இருக்கிற ஐட்லரில் எத்தனை பல் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வாங்கிக் கொடுப்பது மாதிரிதான்.

இப்போது ஒரு பல் தவறினால் எவ்வளவு தவறு என்று பார்ப்போம். உதாரணத்துக்குக் கிராங்க் கியரில் 28 பல், கேமிலும் பம்பிலும் 56 பல் என்று வையுங்கள். 360-ஐ 56 ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு கேம் 6.4 டிகிரி மாறுகிறது, கிராங்க் கணக்கில் அது இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 13 டிகிரி. பம்பை இன்ஜினோடு சேர்த்து இறுக்குகிற தட்டில், அதாவது ஃபிளாஞ்சில், நீள்துளை இருக்கிறதே, அதில் திருப்பிச் சரிசெய்யலாம் என்று நினைப்பார்கள். எங்கள் வண்டியில் அதைத்தான் செய்திருந்தார்கள், பம்பை நீள்துளையின் கடைசி வரை தள்ளி இறுக்கியிருந்தார்கள். அந்தத் துளை சின்னத் திருத்தத்துக்கு மட்டும்தான், ஒரு பல்லின் தவறை அதனால் மூட முடியாது. நீங்கள் வாங்குகிற பழைய வண்டியில் பம்ப் நீள்துளையின் ஓரத்தில் ஒட்டி நின்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படலாம்.

பிரிக்கும்போதே பாதி வேலை

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டி என்றால், பிரிப்பதற்கு முன்னால் இருக்கிற நிலையைப் பதிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். இந்த டிராக்டருக்குத் தனிச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, இன்ஜினே முதுகெலும்பு. அதனால் முன் அச்சைப் பிரித்து, இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றின பிறகுதான் முன் கவருக்கு வருவோம். இன்ஜின் வேலை என்றால் எப்படியும் அந்த நிலைக்கு வந்திருப்பீர்கள்.

முதலில் பம்ப் ஃபிளாஞ்சைப் பாருங்கள். பம்பில் ஒரு கோடும், அதற்கு நேராக டைமிங் கேசில் ஒரு கோடும் கீறியிருக்கும். அழுக்கில் தெரியாது, கம்பி பிரஷ் போடாதீர்கள், டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள். இரண்டு கோடும் நேராக இருக்கிறதா, விலகியிருந்தால் எவ்வளவு என்று போட்டோ எடுங்கள். கோடே இல்லை என்றால் நீங்களே ஒரு கூரான கருவியால் கீறிவிடுங்கள்.

அடுத்து ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு, கிராங்கை ஸ்பேனர் போட்டு மெதுவாக ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். முதல் சிலிண்டர் என்பது ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அதன் இன்லெட் வால்வு திறந்து மூடின பிறகு பிஸ்டன் மேலே வரும், அதுதான் கம்ப்ரஷன். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, முன் புல்லி, கவர், கியர் என்று வரிசையாகக் கழற்றுங்கள். புல்லிக்குப் புல்லர் போடுங்கள், சுத்தியலால் தட்டினால் புல்லி ஓரம் உடையும், இல்லை கிராங்க் முனை காயப்படும்.

கவர் வந்தவுடன் நாலு கியரும் அப்படியே இருக்கும்போது ஒரு போட்டோ. புள்ளிகள் சேர்ந்திருந்தால் நல்லது. சேரவில்லை என்றால் பயப்படாதீர்கள், காரணத்தைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். இப்போது பெயிண்ட் மார்க்கர் எடுத்து ஒவ்வொரு கியர் ஜோடியும் கடித்திருக்கிற இடத்தில் உங்கள் சொந்த அடையாளம் வையுங்கள்: கிராங்குக்கும் ஐட்லருக்கும் வெள்ளை, ஐட்லருக்கும் கேமுக்கும் மஞ்சள், ஐட்லருக்கும் பம்புக்கும் சிவப்பு என்கிற மாதிரி. சென்டர் பஞ்ச் வைத்துப் புதுப் புள்ளி குத்த வேண்டாம். நாளைக்கு இன்னொருவர் திறந்தால் கம்பெனிப் புள்ளி எது, உங்கள் புள்ளி எது என்று தெரியாமல் போகும். பழைய வண்டிகளில் இப்படி நாலைந்து பேர் குத்தின புள்ளிகளை ஒரே கியரில் பார்த்திருக்கிறேன்.

கியர்களைச் சோதிப்பது

எல்லாவற்றையும் டீசலில் கழுவி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். பல்லின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள், ஓரம் கொக்கி மாதிரி வளைந்த தேய்மானம், பல்லின் அடியில் மயிரிழை விரிசல், இதில் எது இருந்தாலும் அந்தக் கியர் வேண்டாம். ஐட்லரின் புஷ்ஷை ஹப்பில் போட்டு ஆட்டிப் பாருங்கள், தொளதொள என்றிருந்தால் புஷ் மாற்ற வேண்டும். ஐட்லர் ஹப்புக்கு பிளாக்கில் இருந்து ஆயில் வரும் துளை இருக்கிறது. அதில் மெல்லிய கம்பி விட்டுக் காற்று அடியுங்கள். ஹப்பை மாட்டும்போதும் துளைக்கு நேராகத் துளை வருகிறதா என்று பாருங்கள், கேஸ்கெட் ஒட்டும் பசை அதிகமாகப் போட்டு அடைத்துவிட்டால் புஷ் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

புதுக் கியர் வாங்கினால் பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். பல்லை எண்ணுங்கள், சுண்ணக்கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டு ஆரம்பித்து எண்ணினால் குழப்பம் வராது. அப்புறம் புதுசைப் பழசின் மேல் வைத்து போல்ட் துளைகளை ஒன்றாக்கி, புள்ளி ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். புள்ளியே இல்லாமல் வருகிற கியரும் உண்டு, அப்படி இருந்தால் பழைய கியரின் புள்ளியை இதே முறையில் புதுசுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

உண்மையான டிடிசி எது

பிஸ்டன் உச்சியில் நிற்பதை டிடிசி என்கிறோம். எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்கும், ஆனால் இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் பலர் செய்கிற தவறு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பல டிகிரிக்குக் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிற மாதிரிதான் தெரியும், அதில் நடு எது என்று கண் சொல்லாது. கிராங்கின் சாவிப் பள்ளம் (கியரைப் பிடிக்கிற சாவித் துண்டு உட்காரும் வெட்டு) நேர் மேலே வரும்போது முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும் என்பது நல்ல அடையாளம்தான், தோராயமாக நிறுத்த அது போதும், ஆனால் அதை அளவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ஹெட் இன்னும் ஏற்றவில்லை என்றால் வேலை சுலபம். டயல் கேஜை (சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் அளவு கருவி) பிளாக்கின் மேல் நிறுத்தி முள்ளை முதல் பிஸ்டனின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் சாய்வதையும் சேர்த்துக் காட்டும். கிராங்கைச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 1 மி.மீ. முன்னால் இருக்கும்போது நிறுத்தி, ஃபிளைவீலில் ஒரு கோடு போடுங்கள். அப்படியே சுற்றி உச்சியைத் தாண்டி மறுபடி அதே 1 மி.மீ. கீழே வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்து போடுகிற மூன்றாவது கோடுதான் உண்மையான டிடிசி. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்தக் கோட்டை நன்றாகப் போட்டு வையுங்கள், கடைசி வரை இதுதான் உங்களுக்கு ஆதாரம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கியர் எதுவும் மாட்டாத நிலையில், முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது, ஆனால் அது கம்ப்ரஷனா எக்ஸாஸ்டா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரியாது, தெரியவும் வேண்டாம். கிராங்குக்கு அந்த வித்தியாசமே கிடையாது. எந்த ஸ்ட்ரோக் என்பதை முடிவு செய்வது கேம். கேம் புள்ளியும் பம்ப் புள்ளியும் சேர்ந்து நின்றால் அது முதல் சிலிண்டருக்குக் கம்ப்ரஷன், அவ்வளவுதான். கேமும் பம்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போக வேண்டும், இதுதான் கவனிக்க வேண்டியது. கேம் கம்ப்ரஷனில் நின்று பம்ப் ஒரு கிராங்க் சுற்று மாறி நின்றால், எக்ஸாஸ்ட் நேரத்தில் டீசல் அடித்துக்கொண்டிருக்கும், நாள் முழுக்க ஸ்டார்ட்டரைச் சுற்றினாலும் இன்ஜின் பேசாது.

கியர் ஏற்றுவது

ஹெட் இன்னும் போடவில்லை என்றால் நிம்மதி, கேமை எப்படிச் சுற்றினாலும் எதுவும் இடிக்காது. ஹெட் ஏற்றியாகிவிட்டது என்றால் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. கிராங்க் உச்சியில் இருக்கும்போது கேமைத் தனியாகச் சுற்றினால் வால்வு பிஸ்டனில் உட்காரும், புஷ் ராட் வளையும்.

கிராங்கை டிடிசி கோட்டில் நிறுத்துங்கள். கிராங்க் கியரைச் சாவியோடு ஏற்றுங்கள், புள்ளி உள்ள முகம் வெளியே தெரிய வேண்டும். கேம் கியரையும் பம்ப் கியரையும் அதனதன் இடத்தில் வையுங்கள். கேம் கியர் போல்ட்டில் நிற்கிற வகை என்றால், கேமின் முனையிலும் கியரிலும் ஒரே அடையாளம் பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர வேண்டும். பம்ப் கியர் மூணு போல்ட்டில் ஷாஃப்டோடு சேர்வது, அதற்கும் டவல் பின்னோ (நிலை நிறுத்தும் சின்ன ஊசி) அடையாளமோ இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுவிட்டு முன்னால் புள்ளியை மட்டும் சேர்த்தால் எல்லாமே தப்பாக இருக்கும், பார்க்க மட்டும் சரியாகத் தெரியும்.

இப்போது ஐட்லர். இதுதான் இந்த வேலையிலேயே கைப்பழக்கம் வேண்டிய இடம். ஐட்லரில் மூணு இடத்தில் அடையாளம் இருக்கும். ஒரு கியரின் ஒற்றைப் புள்ளிப் பல், எதிர்க் கியரின் இரட்டைப் புள்ளிப் பற்களுக்கு நடுப் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். மூணு இடமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். பல் நேராக வெட்டியது இல்லை, சாய்வாக வெட்டியது. அதனால் ஐட்லரை ஹப்பில் உள்ளே தள்ளும்போது அது தானாகக் கொஞ்சம் திரும்பும், பக்கத்துக் கியர்களையும் கொஞ்சம் திருப்பும். வெளியே பிடித்துப் பார்க்கும்போது மிகச் சரியாக இருந்த புள்ளி, முழுக்க உட்கார்ந்த பிறகு ஒரு பல் தள்ளி நிற்பது இதனால்தான். நான் செய்வது இப்படி: முதலில் கேமையும் பம்பையும் கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஐட்லரை உள்ளே விடுவேன், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பேன், வெளியே இழுத்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப் பக்கம் வைத்து மறுபடி விடுவேன். மூணாவது தடவையில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். தட்டி ஏற்றாதீர்கள், கையால் போகவில்லை என்றால் பல் பல்லின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் வேறு யாரையும் கிராங்க் பக்கம் நிற்கவிடாதீர்கள். விரல் கியருக்குள் இருக்கும்போது யாராவது ஃபிளைவீலைத் தொட்டால் விரல் போய்விடும்.

உட்கார்ந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு புள்ளியையும் நேர் எதிரே குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பல் ஏமாற்றும். ஐட்லர் போல்ட்டுகளுக்குப் புது லாக் வாஷர் போட்டு, புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு) அளவில் இறுக்கி, வாஷரின் காதை மடக்குங்கள்.

புள்ளி மறுபடி சேராது, அது சரிதான்

எல்லாம் முடித்து, ஒரு திருப்திக்குக் கிராங்கை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் புள்ளிகள் எங்கெங்கோ நிற்கும். இங்கேதான் நிறையப் பேர் பதறிப் போய், சரியாக வைத்ததைக் கழற்றித் தப்பாக மாட்டுகிறார்கள். ஐட்லரின் பல் எண்ணிக்கை மற்ற கியர்களோடு நேராக வகுபடாது, வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள், ஒரே இரண்டு பற்கள் திரும்பத் திரும்ப உரசித் தேயாமல் இருக்க. ஐட்லரில் 63 பல், கேமில் 56, கிராங்கில் 28 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 63-க்கும் 56-க்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 504. 504-ஐ 28 ஆல் வகுத்தால் 18. அதாவது கிராங்க் 18 சுற்று சுற்றினால்தான் எல்லாப் புள்ளியும் மறுபடி ஒன்று சேரும். உங்கள் கியரை எண்ணி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அத்தனை சுற்று சுற்றினால் புள்ளிகள் வந்து சேர்வதை நேரில் பார்க்கலாம். பிரிக்கும்போது புள்ளி சேராமல் இருந்ததும் இதனால்தான்.

வால்வையே கேளுங்கள்

புள்ளி என்பது எங்கே வைப்பது என்று காட்டுவது மட்டும்தான். வைத்தது சரியா என்று சொல்ல வேண்டியது வால்வு. முன்னால் யாரோ தப்பான கியரை மாட்டியிருக்கலாம், புள்ளி தப்பான பல்லில் இருக்கலாம், கேம் கியர் திரும்பி இருக்கலாம், அப்போதெல்லாம் புள்ளி அழகாகச் சேரும்.

நாலு சிலிண்டர் இன்ஜினில் 1 கம்ப்ரஷனில் இருக்கும்போது 4-ன் இரண்டு வால்வும் ஆடும், அதை வைத்துப் பார்ப்பார்கள். மூணு சிலிண்டரில் அந்த ஜோடி கிடையாது, ஃபயரிங் 1-2-3, ஒவ்வொன்றும் 240 டிகிரி இடைவெளி. அதனால் முதல் சிலிண்டரை வைத்தே பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் டிடிசியில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், இரண்டு புஷ் ராடும் விரலால் உருட்டினால் சுற்றும். அங்கிருந்து சரியாக ஒரு முழுச் சுற்று கிராங்கைச் சுற்றி, நீங்கள் போட்ட டிடிசி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டே வரும், இன்லெட் திறக்க ஆரம்பிக்கும். டிடிசிக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் கிராங்கை ஆட்டினால் ஒரு ராக்கர் ஏறும், மற்றது இறங்கும், தராசு மாதிரி. கோட்டில் நிற்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கொஞ்சமாகத் திறந்திருந்தால் கேம் சரி. டயல் கேஜ் இருந்தால் இரண்டு புஷ் ராடின் ஏற்றத்தையும் அளந்து எழுதி வையுங்கள். சில டிகிரி வித்தியாசம் இந்த முறையில் தெரியாது, ஆனால் ஒரு பல் தவறியிருந்தால் 13 டிகிரி, கட்டாயம் தெரியும்: ஒரு வால்வு நன்றாகத் திறந்திருக்கும், இன்னொன்று அசையவே அசையாது.

ஹெட் ஏற்றாமல் இருக்கிறது என்றால் கேமின் மேல் உட்கார்ந்திருக்கிற டப்பட் மேலேயே புஷ் ராடை நிறுத்தி டயல் கேஜ் வைத்து இதே சோதனையைச் செய்யலாம். நான் இரண்டு முறையும் பார்ப்பேன், ஹெட் போடுவதற்கு முன்னும் பின்னும்.

பல் இடைவெளியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஃபீலர் கேஜை இரண்டு பல்லுக்கு நடுவே விட்டு நாலு வெவ்வேறு இடத்தில் அளங்கள். 0.08 மி.மீ.-க்குக் குறைந்தால் கியர் ஊளையிடும், சீக்கிரம் தேயும். அளவுக்கு மீறி இருந்தால் புஷ்ஷோ பல்லோ தேய்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் இறுக்கமாக இருந்தால் பல்லில் எங்கோ துருத்தல் இருக்கிறது.

பம்ப்

பம்பை மாட்டும்போது ஃபிளாஞ்சுக் கோட்டை கேஸ் கோட்டோடு சேர்த்து இறுக்குங்கள். பம்ப் சர்வீஸ் ஆகி வந்திருந்தால் பம்பின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து உள்ளேயும் பார்க்க வேண்டும். ரோட்டரில் எழுத்துக்களோடு கோடுகள் தெரியும், அதைச் சுற்றி ஒரு வளையம், அந்த வளையத்தின் ஒரு முனை குறி. கிராங்கை உங்கள் இன்ஜினுக்கான ஸ்டாட்டிக் டைமிங் டிகிரியில் (இன்ஜின் ஓடாத நிலையில் பம்பை வைக்கச் சொல்கிற டிகிரி) நிறுத்தினால், புத்தகத்தில் சொன்ன எழுத்து அந்தக் குறிக்கு நேராக வர வேண்டும். டிகிரியும் எழுத்தும் இன்ஜினின் ரேட்டிங்கைப் பொறுத்து மாறும், பக்கத்து ஊர் வண்டியின் அளவை வாங்கி வைக்காதீர்கள். நிறுத்தும்போது எப்போதும் ஓடும் திசையில் சுற்றி வந்து நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லை என்றால் பல் இடைவெளி அளவுக்குத் தவறு வரும்.

எங்கள் வண்டியில் இந்த மூடியை முதல் நாளே யாராவது திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டெஸ்ட் பெஞ்சுக்கு இன்ஜினின் கியர் தெரியாது, பம்பைத் தனியாகத்தான் சோதிக்கும்.

மூடுவது, ஸ்டார்ட் பண்ணுவது

கவரை மூடுவதற்கு முன்னால் கிராங்க் கியருக்கு முன் வருகிற ஆயில் தட்டைச் சரியான பக்கமாகப் போட்டீர்களா என்று பாருங்கள், கழற்றும்போது எடுத்த போட்டோ இங்கே உதவும். புது ஆயில் சீல் போடுங்கள். கவர் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, புல்லியை உள்ளே தள்ளி சீலை நடுவாக உட்கார வைத்த பிறகு இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் சீல் ஒரு பக்கமாக அழுந்தி ஆயில் ஒழுகும், அதற்காக முன் அச்சை மறுபடி பிரிக்க வேண்டி வரும்.

ராக்கரைப் போட்டு, டப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே உள்ளது) குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. வையுங்கள், அதாவது 12 தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. பிறகு நீளமான ஸ்பேனர் போட்டு கையால் குறைந்தது இரண்டு முழுச் சுற்று. கம்ப்ரஷனில் கனமாக இருக்கும், அது காற்றின் கனம், கொஞ்சம் பிடித்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். இரும்பில் இரும்பு இடித்தால் டக்கென்று நிற்கும், விட்டுக்கொடுக்காது. அப்படி நின்றால் ஒரு மயிரிழைகூட அழுத்தாதீர்கள், திரும்பவும் கவரைத் திறங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்டார்ட்டரைப் போட்டால் ஒரு நொடியில் வால்வு வளையும்.

ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். டீசல் லைனில் காற்று எடுங்கள், நாசில் நட்டைத் தளர்த்தி டீசல் வரும் வரை. அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள். காற்று போகும் வரை வெள்ளைப் புகை கொஞ்சம் வரும், ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, இழுவையும் இல்லை என்றால் பம்ப் தாமதமாக அடிக்கிறது. கடினமான, சுத்தியல் தட்டுகிற மாதிரி சத்தம் என்றால் சீக்கிரம் அடிக்கிறது. சின்னத் திருத்தத்துக்கு ஃபிளாஞ்சு நீள்துளை இருக்கிறது, ஒரு தடவைக்கு ஒரு மி.மீ.-க்கு மேல் நகர்த்தாதீர்கள், நகர்த்திய பிறகு கோடு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை முன் கவரில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேளுங்கள். சரியான கியர் தொடர்ச்சியாக, தையல் மிஷின் மாதிரி மெல்லிய சத்தம் போடும். சுற்றுக்கு ஒரு தடவை டொக் என்று வந்தால் ஏதோ ஒரு பல் காயம். ஊளை வந்தால் இடைவெளி குறைவு. சூடாகி அணைத்த பிறகு டப்பட்டை மறுபடி பாருங்கள், சூட்டில் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். டிடிசி கோடு, இரண்டு புஷ் ராடின் ஏற்றம், பல் இடைவெளி, பம்ப் எழுத்து, எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி டூல் பாக்ஸின் மூடிக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள். எங்கள் 1035-ன் அட்டை டீசல் கறையோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.